பள்ளிக்கூடத்தில் தடுமாறும் பிள்ளைக்கு உதவி: கொழும்புக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வேலை மாற்றத்தோடு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு பிடித்து, அலைந்து திரிந்து ஒரு பாடசாலையில் இடமும் எடுத்தாயிற்று. ஒரு தவணை போவதற்குள் பிள்ளை காலையில் வயிற்றுக்குத்து என்கிறது. அல்லது வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று மிஸ் சொல்கிறார். அல்லது பக்கத்தில் இருந்தவனுக்கு அடித்துவிட்டான் என்று அதிபர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. அந்த நிலையில் நிற்கும் தாய் தகப்பனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் வழிகாட்டல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயைப் பற்றி வைத்தியர்தான் பேச வேண்டும். எந்த மேசைக்கு முதலில் போவது, அங்கே என்ன கேட்பது, கையில் என்ன கொண்டு போவது என்பதை நான் சொல்லலாம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்த உதவி கொழும்பில் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. பாடசாலை கல்வித் துறையின் கீழ், கிளினிக் சுகாதாரத் துறையின் கீழ், சிறுவர் உரிமை உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில். இவர்கள் தாமாக ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது அரிது. ஒரு மேசையின் கடிதத்தை அடுத்த மேசைக்குக் கொண்டு போவது நீங்கள்தான். அப்பாவோ அம்மாவோ அம்மம்மாவோ, வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பை முழுதாக எடுத்துக்கொண்டால் வேலை நடக்கும். இரண்டு பேர் பாதிப் பாதி பார்த்தால் பைல் தொலைந்து போகும்.

ஒரு கொப்பி வாங்குங்கள்

யாரையும் சந்திக்க முன்னர் இரண்டு கிழமைக்குக் குறிப்பு எழுதுங்கள். "எந்நேரமும் கோபம்", "படிப்பில் கவனமே இல்லை" என்ற வகை வசனங்கள் ஆசிரியருக்கும் உதவாது, வைத்தியருக்கும் உதவாது. எப்போது, எங்கே, அதற்கு முன்னர் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி அடங்கியது என்று எழுதுங்கள். ஞாயிறு பின்னேரமே சாப்பாடு குறைகிறதா? சனிக்கிழமையில் வயிற்றுக்குத்து வருவதே இல்லையா? வான் வரும் நேரத்தில் அழுகையா, வகுப்பறை வாசலில் அழுகையா? வானில் பெரிய பிள்ளைகள் கிண்டல் பண்ணுவதும் கணக்குப் பாடத்துக்குப் பயப்படுவதும் வெளியே ஒரே வயிற்றுக்குத்தாகத்தான் தெரியும். குறிப்பைப் பார்த்தால் பிரித்தறியலாம்.

நித்திரையையும் எழுதுங்கள். கொழும்புப் பிள்ளைகளின் நாள் நீளமானது. தூரத்திலிருந்து வானில் வரும் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறது. ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலை ஒன்றரைக்கு முடியும். அதன் பின் ரியூஷன், வீடு வர இருட்டிவிடும், பிறகு வீட்டுவேலை. பத்து வயதுப் பிள்ளை ஏழு மணித்தியாலம்கூடத் தூங்காமல் வகுப்பில் சினந்துகொண்டு இருந்தால் அதற்குப் பெயர் தேடி கிளினிக் போவதற்கு முன் ஒரு ரியூஷனை நிறுத்திப் பார்க்கலாம். பெற்றோருக்குக் கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஊர் மாறி வந்த பிள்ளைக்கு இன்னும் சில வரிகள் எழுத வேண்டியிருக்கும். பேச்சை வைத்துக் கிண்டல் நடக்கிறதா? யாழ்ப்பாணப் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு, தோட்டத்துப் பேச்சு எல்லாமே கொழும்பு வகுப்பறையில் சிரிப்புக்கு ஆளாகும். தமிழ்ப் பிள்ளைகள்தான் சிரிப்பார்கள். ஊரில் முற்றமும் சொந்தக்காரரும் சூழ வளர்ந்த பிள்ளை இங்கே மூன்றாம் மாடி வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறது. வெளியில் இறங்கினால் பஸ்ஸில் சிங்களம், கடையில் சிங்களம். பல பிள்ளைகள் சில மாதத்தில் பழகிவிடுவார்கள். ஒரு தவணை முழுவதும் போயும் வீட்டில் மட்டும் கதைத்து, பாடசாலையில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளையை "வெட்கம், சரியாகிவிடும்" என்று விட வேண்டாம். அது பதகளிப்பின், அதாவது அளவு மீறிய பயத்தின், ஒரு வடிவமாக இருக்கலாம். உரிய உதவி கிடைத்தால் நன்றாகத் தேறும்.

அடிக்கிற, கத்துகிற பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியாக உள்ளுக்குள் வாடுகிற பிள்ளைக்கு எங்கள் வகுப்பறைகளில் கிடைப்பது "நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்ற பாராட்டு. பெண்பிள்ளைகளுக்கு இது கூடுதலாக நடக்கிறது. நண்பர்களை விடுவது, விருப்பமான விளையாட்டை நிறுத்துவது, மாதம் ஒன்றுக்கு மேல் முகம் வாடியே இருப்பது, வெயிலிலும் நீளக் கை சட்டை போடுவது (கையில் கீறிய காயங்களை மறைப்பதற்காக இருக்கலாம்), இவற்றையும் கொப்பியில் சேருங்கள்.

வகுப்பாசிரியரிடம் போங்கள், நேரே அதிபரிடம் அல்ல

அதிபரிடம் முதலில் போனால் அது முறைப்பாடாகிவிடும். வகுப்பாசிரியர் தற்காப்பில் இறங்கிவிடுவார். பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பவர் அவர்தான். காலையில் வாசலில் நிறுத்திக் கேட்காமல், கொப்பியில் இரண்டு வரி எழுதி அனுப்பி நேரம் கேளுங்கள்:

"மதிப்பிற்குரிய மிஸ், மகன் கொஞ்ச நாளாகப் பாடசாலைக்கு வரப் பயப்படுகிறார். உங்களோடு பத்து நிமிடம் கதைக்க விரும்புகிறேன். உங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் வருகிறேன்."

சந்திக்கும்போது முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். "மிஸ், வகுப்பில் எப்படி இருக்கிறார்? யாரோடு சேருகிறார்? எந்தப் பாடத்தில் கஷ்டப்படுகிறார்?" நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியரிடம் ஒரு பிள்ளையைப் பற்றி விரிவாகக் கேட்பதற்கு யாரும் வருவதில்லை. கேட்டால் பெரும்பாலானவர்கள் மனம் விட்டுக் கதைப்பார்கள். முடிவில் பிள்ளையைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். கிளினிக்குக்கு அது பொன்.

அடுத்தவர் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர். பெரிய அரச பாடசாலைகளில் இந்தப் பொறுப்போடு ஒருவர் இருப்பார், பல இடங்களில் அவரே பாடமும் எடுப்பார். அவரிடம் சிகிச்சையை எதிர்பார்க்காதீர்கள். பிள்ளை மனம் கலங்கும்போது போய் உட்கார ஓர் இடம், பாட ஆசிரியர்களுக்கு விஷயத்தை எடுத்துச் சொல்ல ஒருவர், உங்களுக்குத் தொலைபேசியில் சொல்ல ஒருவர்: இந்த மூன்றும் அவரால் முடியும். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையானால் அந்த ஆசிரியரையும் சந்தியுங்கள். உங்கள் பிள்ளை அந்த அலகில் சேர வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் என்ன மாற்றம் செய்யலாம் என்பதில் அவர்களுக்குத் தேர்ச்சி உண்டு.

நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்

புதிதாக வருபவர்கள் கூடுதலாகத் தவறவிடுவது இதைத்தான். "டொக்டரின் கடிதம் வந்த பின் பார்ப்போம்" என்று பாடசாலையும் சொல்லும், பெற்றோரும் தலையாட்டுவார்கள். கிளினிக்கில் முதல் நாளிலேயே முடிவு சொல்ல மாட்டார்கள், மாதங்கள் போகும். அதுவரைக்கும் பிள்ளை தினமும் அந்த வகுப்பறையில்தான் இருக்கப் போகிறது. செலவில்லாத சிறு மாற்றங்களுக்கு யாருடைய கடிதமும் தேவையில்லை.

கேட்கும்போது "என் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ" என்று கேட்டால் எல்லோரும் "சரி" என்பார்கள், ஒன்றும் நடக்காது. செய்யக்கூடிய ஒன்றிரண்டைக் குறிப்பாகக் கேளுங்கள். காலைக் கூட்டத்தின் நெரிசல் தாங்காத பிள்ளை நேரே வகுப்புக்கோ நூலகத்துக்கோ போகலாமா? எழுந்து நின்று சத்தமாக வாசிப்பதை ஒரு மாதம் தள்ளிவைத்து, மிஸ்ஸின் மேசையருகே தனியாக வாசிக்கலாமா? கோபம் ஏறும்போது கேள்வி கேட்காமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர ஓர் அட்டை கொடுக்கலாமா? இருக்கையை வாசலோரமாகவோ, சண்டை வருகிற பிள்ளையிடமிருந்து விலக்கியோ மாற்றலாமா? பாட ஆசிரியர் வராத நாளில், நேரசூசி மாறுகிற நாளில், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லலாமா? இடைவேளைதான் பல பிள்ளைகளுக்கு நாளின் மோசமான இருபது நிமிடம். அந்த நேரத்தில் நூலகத்தில் ஒரு சின்னப் பொறுப்பு கொடுத்தால் கௌரவத்தோடு தப்பிக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய பலன் தருவது என் கணிப்பில் ஒன்றுதான்: பாடசாலையில் ஒரே ஒரு பெரியவர், தினமும் காலையில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் கதைப்பது. அவர் வகுப்பாசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை. சங்கீத மிஸ்ஸாக இருக்கலாம், விளையாட்டு சேராக இருக்கலாம், நூலகராக இருக்கலாம். பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

ஒப்புக்கொண்டதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, நன்றி சொல்லி, ஒரு பிரதியை வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். நான்கு கிழமை கழித்து மறுபடி சந்திக்க நாள் குறியுங்கள். எது உதவியது, எது உதவவில்லை என்று பார்த்து மாற்றலாம்.

நீண்ட நாள் வராமல் இருந்த பிள்ளையை ஒரே நாளில் முழு நேரத்துக்குத் திருப்பி அனுப்புவது அநேகமாகத் தோற்கும். முதலில் இரண்டு பாடவேளை, பிறகு இடைவேளை வரை, பிறகு முழு நாள் என்று அதிபரின் ஒப்புதலோடு ஏற்றிக்கொண்டு போங்கள். திரும்பி வரும் நாளில் "எங்கே இவ்வளவு நாளும்?" என்று வகுப்பின் முன் யாரும் கேட்காமல் இருக்கச் சொல்லி வைப்பதும் இந்த ஒழுங்கில் அடங்கும்.

கிளினிக்

பாடசாலையோடு கதைக்கும் அதே கிழமையில் இதையும் தொடங்குங்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சிறு பிள்ளைகளுக்கு பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அங்கே சிறுவர் உளநலப் பிரிவு இருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. வத்தளைப் பக்கம் என்றால் ராகம போதனா வைத்தியசாலை. ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயத்தி நிலையமும் உண்டு. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் பெயரைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். பிள்ளையின் எதிர்காலமே போய்விடும், கலியாணத்துக்குத் தடை என்றெல்லாம். அந்தப் பயத்தால் இரண்டு வருடம் பிந்தி வருகிற பிள்ளைகள்தான் நிறைய. கிளினிக் போனது பாடசாலைப் பதிவேட்டில் ஏறாது, நீங்கள் சொன்னால் ஒழிய.

வெளிநோயாளர் பிரிவில் முதலில் காட்டி, அங்கிருந்து உளநலக் கிளினிக்குக்கு எழுதி வாங்குவதுதான் வழமையான பாதை. விடியவே போய் நம்பர் எடுங்கள். காத்திருக்க வேண்டி வரும், பிள்ளைக்குச் சாப்பாடும் படம் கீற ஒரு கொப்பியும் கொண்டு போங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி, சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, தேர்ச்சி அறிக்கைகள், வகுப்பாசிரியரின் அரைப் பக்கம், உங்கள் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ முன்னர் காட்டியிருந்தால் அந்தக் கிளினிக் கொப்பி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்கள்.

மொழிப் பிரச்சினையை மறைக்காமல் சொல்கிறேன். கொழும்பு வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லா மேசையிலும் எல்லா நாளும் இல்லை. பதியும்போதே தமிழில் கதைக்கிற வைத்தியர் எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். முடியாவிட்டால் சிங்களம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிப் போங்கள். சர்வதேசப் பாடசாலையில் படிக்கும் அக்காவை மொழிபெயர்க்க விடாதீர்கள், சம்பந்தப்பட்ட பிள்ளையையே ஒருபோதும் விடாதீர்கள். தன் தம்பியின் துயரத்தை அந்நியருக்கு விளக்குவது ஒரு பிள்ளையின் வேலை அல்ல.

கண்ணும் காதும் பரிசோதித்தாயிற்றா என்று கேட்பார்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும். இடையில் ஊர் மாறிய பிள்ளைக்கு அது தவறியிருக்கலாம். கரும்பலகை தெரியாத பிள்ளையும் வகுப்பில் குழப்படி செய்யும்.

பதின்ம வயதுப் பிள்ளை உங்களோடு வர மறுத்தால், சில அரச வைத்தியசாலைகளில் உள்ள 'யொவுன் பியச' நிலையங்களை விசாரியுங்கள். இளையோருக்கானவை. தனியாரில் சனல் பண்ணிப் பார்ப்பது விரைவு, ஆனால் தொடர்ந்து போகக் கைக்காசு வேண்டும். உளவளத்துணையாளர் என்று பலகை மாட்டிய எல்லோரும் முறையாகப் பயின்றவர்கள் அல்லர். என்ன படித்தீர்கள், பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா, பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போய் நூல் கட்டுவதைத் தடுக்கவில்லை. கட்டிய கையோடு கிளினிக்குக்கும் வாருங்கள். மருந்து தந்தால், இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வைத்தியரிடம் பாடசாலைக்கு ஒரு கடிதம் கேளுங்கள். நோயின் பெயர் அதில் இருக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு என்ன ஏற்பாடு வேண்டும், எந்தெந்த நாளில் கிளினிக் என்பது போதும். மூலத்தை நீங்கள் வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுங்கள். எவருக்குத் தெரிய வேண்டும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஓய்வறை முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை.

பாடசாலை இழுத்தடித்தால்

வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், பிரதி அதிபர், அதிபர் என்று வரிசையாகப் போங்கள், ஒவ்வொரு படியிலும் எழுத்தில். அதற்கு மேல் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என நான்கு வலயங்கள். வத்தளை கம்பஹா மாவட்டம், வலயம் வேறு. தேசியப் பாடசாலையானால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு.

"கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்திருங்கோ" என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்நாட்டுச் சட்டம். பெரும்பாலும் கேட்ட உடனேயே பேச்சு மாறும்.

அடி விஷயத்தில் தயக்கம் வேண்டாம். கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. மனம் நொந்த பிள்ளையை அடித்துத் திருத்தலாம் என்று சொல்பவர் சட்டத்துக்கும் வெளியே, அறிவுக்கும் வெளியே நிற்கிறார். "நாங்கள் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்று அவருக்கு ஒத்து ஊதும் பெற்றோருக்கும் இது சேரும்.

வீட்டிலோ பாடசாலையிலோ வானிலோ துன்புறுத்தல் நடக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம். கொழும்பு நகரத்துக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள். உங்கள் கிராம சேவகரிடம் கேட்டால் எது உங்களுடையது என்று சொல்வார்.

காத்திருக்கக் கூடாத நேரம்

பிள்ளை சாவைப் பற்றிக் கதைத்தால், கையைக் கீறியிருந்தால், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்று எழுதி வைத்தால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று யோசிக்கிறீங்களா அம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டபின் திட்டாமல் கேட்டுக்கொண்டிருங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டுங்கள், தாத்தாவின் சீனி வியாதி மருந்து உட்பட. தனியே விடாதீர்கள். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலவசம். கதைக்க ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்கும். 1333 என்ற உளவளத்துணைத் தொலைபேசி இலக்கமும் உண்டு. பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் மறைக்கும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். தற்கொலை முயற்சி 1998இலேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

பரீட்சை, சர்வதேசப் பாடசாலை, மற்றவை

விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் மருத்துவ அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. அதிபர் ஊடாகக் கேட்க வேண்டும். பரீட்சைக்கு விண்ணப்பம் போகும் காலத்துக்கு முன்னரே அறிக்கை கையில் இருக்க வேண்டும் என்பதால் சாதாரண தரப் பிள்ளைக்கு 10ஆம் தரத்திலேயே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதாததால் யாருடைய படிப்பும் நின்றுபோவதில்லை. பிள்ளை அந்தப் பரீட்சையால்தான் நித்திரையின்றித் தவிக்கிறது என்றால் விட்டுவிடலாம். அயலவர் என்ன சொல்வார்கள் என்பது பிள்ளையின் பிரச்சினை அல்ல.

சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவானவை, கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் அவற்றுக்கு அப்படியே பொருந்தா. சேர்க்கும் முன்னரே ஆலோசகர் இருக்கிறாரா, மேலதிக உதவிக்குத் தனிக் கட்டணமா, கஷ்டம் வந்தால் பிள்ளையை நிறுத்திவிடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வருட முடிவில் பலரும் மறக்கும் ஒரு வேலை இருக்கிறது. வகுப்பு ஏறும்போது ஆசிரியர் மாறுவார். ஒரு வருடமாகப் பேசிப் பேசிச் செய்த ஏற்பாடு அத்தனையும் பழைய மிஸ்ஸின் தலையில்தான் இருக்கும். புது வகுப்பாசிரியர் யார் என்று தெரிந்த உடனே, எது பலித்தது என்று பழைய மிஸ்ஸிடம் ஐந்து வரி எழுதி வாங்கி, புதியவரை முதல் கிழமையிலேயே சந்தித்துக் கையில் கொடுங்கள். வான் ஓட்டுநர் மாறினாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.